பொறுப்பாளர் என்ற இடத்தில்

இப்போது உள்ளே போனால் கையில் விலங்கு மாட்டிவிடுவார்களோ?

இப்படி நினைத்ததும் வெர்னீட்டாவுக்கே சிரிப்பு வந்தது. ஐம்பத்திரண்டு வயது. முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு போடும் பள்ளிச் சமையலறையை நடத்துகிறவள். காரை வேகமாக ஓட்டியதற்குக்கூட ஒரு முறை அபராதம் கட்டியதில்லை. அப்படிப்பட்டவள் இந்தச் சின்ன வர்ஜீனியா ஊரின் நீதிமன்றப் படிக்கட்டில், காலை ஒன்பது மணி வெயிலில், கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த படிக்குக் கால் எடுத்து வைக்கவில்லை.

"ஏறுடி," என்றாள் பின்னால் வந்த அக்கா அர்லீதா. "இங்கயே நின்னா சிலைன்னு நினைச்சுப் புறா வந்து உட்கார்ந்துடும்."

"வர்றேன்க்கா. மூச்சு வாங்குது."

"அஞ்சு படிக்கா?"

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் இருந்த முதல் சொல் 'வாரண்டு'. கடன் வழக்குக்கு இந்த மாநிலத்தில் அதுதான் பெயர்: கடன் வாரண்டு. எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது, மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்ன தேதியில் வந்து உன் பக்கத்தைச் சொல் என்பதற்கு மேல் அந்தத் தாளில் எதுவும் கிடையாது. ஆனால் வெர்னீட்டா வளர்ந்த தெருவில் வாரண்டு என்றால் ஒரே அர்த்தம்தான். வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள் அவள். பால் பெட்டியின் தேதி, சோப்புப் புட்டியின் பின்பக்கம், மாவு மூட்டையில் பொடி எழுத்தில் இருப்பது எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள் என்று பால் வண்டிக்காரன் கேலி செய்வான். அன்றைக்கு அவள் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்தாள். தாளை மடித்து உள்ளங்கிக்குள் செருகிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். காரை வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டோடு ஒட்டி நிறுத்தினார்கள். நான்கு நாள் திரைச்சீலையை விலக்கவில்லை.

"கோர்ட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காத," என்று அப்போது சொன்னவளும் இதே அர்லீதாதான். "தானா போய் யாராச்சும் கையை நீட்டுவாங்களா?"

அவள் போகவில்லை. குறித்த நாளில் அவள் வராததால், பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட்டிருந்த மருத்துவமனை கேட்டபடியே தீர்ப்பாகிவிட்டது. அதன் பிறகு இரண்டரை வருஷம் அவள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தார்கள். பள்ளி அலுவலகத்தில் சம்பளத் தாளைக் கொடுக்கும் பெண் அதைக் கவிழ்த்து நீட்டுவாள், பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாதென்று. அந்த நல்ல மனசுதான் வெர்னீட்டாவை அதிகமாகக் கூசச் செய்தது. கடைசியில் அதுவும் ஒரு நாள் தீர்ந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முடியவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. பதினோரு வருஷமாக அவள் வாடகைக்கு இருக்கும் செங்கல் வீட்டை, சொந்தக்காரர் கிரேவ்லி விற்கப் போகிறார். மகளோடு போய் இருக்கப் போகும் மனிதர். "வெளியே விளம்பரம் பண்றதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் கேக்கறேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கேன்," என்றார். இரண்டு படுக்கையறை, ஒரு பேரிக்காய் மரம், காலை வெளிச்சம் நேராக அடுப்பில் விழும் சமையலறை. அவள் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனாள். அங்கே வீட்டுக் கடன் பார்க்கும் டானெல் என்ற பெண் கணினியைப் பார்த்து, "மிஸ் வெர்னீட்டா, உங்க பேர்ல ஒரு கரும்புள்ளி இல்ல," என்று கைதட்டினாள். ஒரு வாரம் கழித்து அவளே சுரத்தில்லாமல் கூப்பிட்டாள். வீட்டுப் பத்திரம் தேடப் போனவர் நீதிமன்றப் பதிவேட்டில் அந்தப் பழைய தீர்ப்பைக் கண்டுபிடித்திருந்தார். கணினியில் வராதது அங்கே அப்படியே கிடந்தது. கடைசிக் காசு வரை வாங்கிக்கொண்ட மருத்துவமனை வக்கீல், வாங்கிவிட்டேன் என்று நீதிமன்றத்துக்கு ஒரு வரி எழுதிப் போடவில்லை. அந்தத் தீர்ப்பு தீராததாகப் பதிவில் இருக்கும்வரை அவள் வாங்கும் எந்த வீட்டின் மீதும் அது கடன் பாக்கியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டானெல்தான் வழி சொன்னாள். தீர்ந்துவிட்டது என்று பதியச் சொல்லி ஒரு மனு. எதிர்த்தரப்புக்கு ஒரு நகல். மனுவைத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. இன்று விசாரணை.

உள்ளே கூடம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. அவர்கள் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு நடக்கும் அறைகூட இதைவிடப் பெரிது. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மருத்துவமனை தரப்பில் யார்?" என்று கேட்டார். காவலர் நடையில் போய் மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

அர்லீதா தங்கையின் விலாவில் இடித்தாள். "கோழிக்கூண்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பாங்க," என்றாள் மெதுவாக.

வெர்னீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முப்பது மாதச் சம்பளத் தாள்களையும் ரப்பர் பட்டை போட்டுக் கொண்டு வந்திருந்தாள். நீதிபதி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் கொடுத்தாச்சா, அம்மா?"

"ஆச்சுங்க ஐயா. ஒரு காசு பாக்கியில்லை."

"இது மூணு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். நீங்க வந்திருக்கவே வேண்டியதில்லை," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இந்த அறைக்குப் பயந்தா நான்கு நாள் இருட்டில் இருந்தோம்?

வெளியே ஜன்னலில் இருந்த அலுவலர் முத்திரை குத்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "அப்போ வரலையாம்மா நீங்க? வாரண்டுன்னு பாத்துப் பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"வெக்கப்படாதீங்க. மாசத்துக்குப் பத்துப் பேர் அப்படித்தான். எங்க சித்தப்பா ஒரு வாரம் மீன்பிடிப் படகுல ஒளிஞ்சிருந்தாரு. ஒரு பல் டாக்டருக்குத் தர வேண்டிய காசுக்கு!" முத்திரை குத்திய பிரதியை நீட்டினாள். "இதை எதிர் ரூம்ல கொடுங்க. வீட்டுப் பத்திரமெல்லாம் அவங்ககிட்டதான். அங்கயும் பதிஞ்சாத்தான் முழுசா முடியும்."

எதிர் அறையிலும் பதிந்தார்கள். இந்த முறை அவள் எங்கும் நிற்காமல் படியிறங்கினாள்.

வழியில் வண்டியை நிறுத்தி, முட்டைக்கோஸ் போட்ட ஹாட் டாக் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். அர்லீதாவுக்கு வயிறு நிறையத் தொடங்கினாலே வாய் திறந்துகொள்ளும்.

"ஊருல நாலு பேர் புருசனுக்காகக் கடன்பட்டிருப்பாங்க. விட்டுத் தொலைச்ச புருசனுக்காகக் கடன்பட்டவ நீ ஒருத்திதான்டி. கடையில திருப்பிக் கொடுத்த சாமானுக்கு மறுபடியும் போய்க் காசு கட்டின மாதிரி."

"சாப்பிடுக்கா."

"சாப்பிட்டுட்டேதான் சொல்றேன். அன்னைக்கு உனக்குப் புத்தி மயங்கிப் போச்சு. அதுல உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில எவளுக்குப் புத்தி நேரா நிக்கும்?"

வெர்னீட்டா விரலில் ஒட்டிய முட்டைக்கோஸைத் துடைத்தாள். எட்டு வருஷமாக அக்கா அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். நம்பட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் புத்தி மயங்கவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவாலயத்தில் வருகிறவர்களை உட்கார வைக்கும் முறை அவளுடையது. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. விவாகரத்தாகி மூன்று வருஷமான ரேஃபர்ட் அவள் வீட்டில் விட்டுப்போன தூண்டிலைக் கேட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்திருந்தான். பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, கார் மீது கையை ஊன்றினான். முகம் சாம்பல் பூத்தது. அவள்தான் காரை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, முன்மேசைப் பெண் அட்டையில் செருகிய தாளோடு வந்து, "இவருக்குப் பொறுப்பு யாரு?" என்று கேட்டாள்.

பத்தொன்பது வருஷம் அவனுக்கு அவள் பொறுப்பாக இருந்திருக்கிறாள். அவனுடைய வேலை போனபோது, அவன் அம்மா படுத்தபோது, அவன் பாதியில் விட்ட ஒவ்வொன்றுக்கும். ஒரு முறைகூட யாரும் அவளைக் கேட்டதில்லை. மனைவி என்ற சொல்லுக்குள் அதெல்லாம் தானாக அடங்கியிருந்தது. செய்யும்போதெல்லாம் அவள் நெஞ்சில் ஏதோ கசந்துகொண்டே இருந்தது. இப்போது முதல் முறையாக ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் யாருமில்லை, தெரிந்தவள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத் தேவாலயச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவள் தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தாள். நோயாளி கட்டாத தொகையை நான் கட்டுவேன் என்ற வரியை இரண்டு முறை படித்தாள். வலது கையுறையைக் கழற்றினாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதும்போது தனக்குள் என்ன இருக்கிறது என்று தேடியும் பார்த்தாள். காதல் இல்லை. பழைய காதலின் மிச்சமும் இல்லை. இரக்கம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அதற்காகக் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பத்தொன்பது வருஷக் கசப்பு மட்டும் எங்கேயும் தட்டுப்படவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்கிற காரியம் இவ்வளவு இலேசாக இருக்குமா என்று ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது.

பிறகு பணம் பிடித்த நாட்களில் அவள் அழுததுண்டு. பயந்ததற்காக, ஒளிந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டதுண்டு. கையெழுத்துக்காக ஒரு நாளும் இல்லை. அதை யாரிடமும் சொன்னதுமில்லை. சொன்னால் அவரவர் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

கைப்பேசி அடித்தது. டானெல். "மிஸ் வெர்னீட்டா, முத்திரைத் தாள் கிடைச்சுதா? அப்படியே இங்க வந்துடுங்களேன். இன்னும் ஒரே ஒரு சின்ன வேலை."

கடன் சங்கத்தில் டானெலின் அறை கண்ணாடிச் சுவர் வைத்தது. மேசைமேல் அவள் குழந்தையின் படம். முத்திரைத் தாளைப் பார்த்ததும் எழுந்து வந்து வெர்னீட்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க அம்மாகிட்ட உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன். அஞ்சு வாரத்துல முடிக்க வேண்டியதை மூணு வாரத்துல முடிச்சுட்டீங்க." உட்கார்ந்தாள். "இப்போ ஒரு விளக்கக் கடிதம் வேணும். ரிச்மண்டு தலைமை அலுவலகத்துல ஒருத்தர் கோப்பைப் பாத்துத்தான் கடன் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்லுவாரு. அவர் உங்களைப் பாக்கப் போறதில்ல. அந்தத் தீர்ப்பு எப்படி வந்துச்சு, எப்படித் தீர்த்தீங்க, இனிமே ஏன் வராது. மூணே விஷயம்."

"எழுதிடலாம், கண்ணு," என்றாள் வெர்னீட்டா. அவளுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. எழுத வேண்டியது அவளிடம் இருந்தது. "வாரண்டுங்கற ஒரு சொல்லைப் பாத்துப் பயந்துட்டேன். மிச்சத்தைப் படிக்கல. கோர்ட்டுக்குப் போயிருக்கணும், போகல. அது என் தப்பு. இனிமே எந்தத் தாள் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அப்படி எழுது."

டானெல் பேனாவின் முனையால் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். "அது வேண்டாமே."

"ஏன்?"

"கோர்ட்டு கூப்பிட்டும் போகலன்னு நாமளே எழுதிக் கொடுக்கக் கூடாது. அது அவங்களுக்குக் கெட்டதாப் படும். நாம கையெழுத்தைப் பத்திச் சொல்லுவோம். நீங்க விவாகரத்தானவங்க. சட்டப்படி உங்க பழைய புருசனுக்காக நீங்க ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல. அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னுதான் ரிச்மண்டுக்காரர் யோசிப்பாரு. நான் ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன்." தாளை அவள் பக்கம் திருப்பினாள்.

வெர்னீட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நல்ல எழுத்து. அவளைப் பற்றி மரியாதையாக இருந்தது. நடுவில் இரண்டு வரி: 'அந்த நேரத்தின் பதற்றத்தில், எதில் கையெழுத்திடுகிறேன் என்று அறியாமலே கையெழுத்திட்டேன். அது ஒரு தவறு. அப்படி இனி ஒருபோதும் நிகழாது.'

அவற்றை இரண்டு முறை படித்தாள்.

"அருமையா இருக்கு," என்றாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அர்லீதா. "இதைத்தானே நான் எட்டு வருஷமாச் சொல்றேன். போடுடி கையெழுத்தை."

"இது நடந்தது இல்லக்கா."

"நடந்ததோ நடக்கலையோ, யாருக்கு நஷ்டம்? இரு." அர்லீதா கைப்பேசியை எடுத்துத் தட்டி மேசைமேல் வைத்தாள். "ரேஃபர்ட், நான்தான். உன்னால ஒருத்திக்கு வீடு போகப் போகுது. இங்க பேசு."

லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. அர்லீதா கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அவன் உடனே சொன்னான்: "எழுதட்டும், எழுதட்டும். இன்னும் மோசமா வேணும்னாலும் எழுதிக்க, நீட்டா. நான் ஏமாத்தினேன்னு எழுது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நடிச்சேன்னு எழுது. நான் எங்க வேணும்னாலும் வந்து ஆமான்னு சொல்றேன்."

"உன்னை எவன்டா நம்புவான்?" என்றாள் அர்லீதா.

"அதைத்தான் சொல்றேன். என்னைப் பத்திக் கெட்டதாச் சொன்னா யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க."

டானெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெர்னீட்டாவும் சிரித்துவிட்டாள். "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன் என்றான். "சரி, பாத்து ஓட்டு," என்று சொல்லி வைத்தாள்.

மூன்று பேரும் தன்மேல் இருக்கும் அன்பால்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வேண்டாதவர் யாராவது கேட்டிருந்தால் மறுப்பது சுலபம். சமையலறையில் காலை வெளிச்சம் வந்து விழும் இடம் கண்முன் வந்தது. பேரிக்காய் மரம் வந்தது. அந்த வீடு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைத் தனக்குத்தானே மறைக்கவில்லை அவள். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அதே சமயம், அந்த இரண்டு வரியில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, கையுறையைக் கழற்றிய ஒருத்தி, தெரிந்து செய்த ஒருத்தி, இனி எங்கே இருப்பாள்? அவளைப் புத்தி மயங்கியவள் என்று எழுதிக் கொடுக்கத் தன்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை கிடையாது. தனக்கு அந்த மனசு இல்லை. இதில் வீறாப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குத் தேதி முடிந்த பாலைக் கொடுக்க முடியாது என்பது போல, இதுவும் முடியாது. அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"கண்ணு, தெரியாம போடல," என்றாள். "முழுக்கப் படிச்சேன். அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. ஆமான்னு சொன்னேன்."

அர்லீதா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். தங்கை இதைச் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

டானெல் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் வெர்னீட்டா, நான் உங்களை நம்பறேன். ஆனா தெரிஞ்சே போட்டீங்கன்னா, நாளைக்கு வேற யாருக்காவது போடுவீங்களோன்னு அவருக்குச் சந்தேகம் வரும். கடன் கிடைக்காமலே போனாலும் போகலாம். இந்த ரெண்டு வரிதான். கீழ ஒரு கையெழுத்து."

"புரியுதும்மா."

"இனிமே யாருக்கும் போட மாட்டேன்னாவது எழுதட்டுமா? அது மட்டும்?"

வெர்னீட்டா யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். அக்காவைப் பார்த்தாள். அர்லீதாவுக்கு அறுபது ஆகப் போகிறது, சர்க்கரை இருக்கிறது, படியேறினால் அவளுக்கும் மூச்சு வாங்கும். நாளைக்கே யாராவது அட்டையில் செருகிய தாளோடு வந்து கேட்டால்?

"கோர்ட்டுக்குப் போகாதது என் தப்புன்னு எழுது, அதுக்குக் கையெழுத்துப் போடறேன்," என்றாள். "சம்பளத்துல கட்டினதை எழுது. அவ்வளவுதான்." கடிதத்தை மெல்ல டானெல் பக்கமே நகர்த்தினாள். "இந்த ரெண்டு வரிக்குக் கையெழுத்துப் போட மட்டும் என்னால முடியாது, கண்ணு."